செல்போனும் நாமும்: ஒரு நாடகம் போட்டுப் பார்ப்போம்

(கருக்களாச்சேரியில் நடந்த மகளிர் குழுக்கள் கூட்டத்தில் நம் கூட்டமைப்பின் பயிற்சியாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத சகோதரிகளுக்காக வெளியிடுகிறோம். உங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



விடியக்காலையில கரைக்குப் போய், மீன் எடுத்து, தெருத்தெருவா வித்து, கூடையைக் கழுவிக் கவுத்துட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. வயல் வேலை முடிச்சுட்டு வந்தவங்களும் இருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன்.

அழைப்புக் கடிதத்துல "டிஜிட்டல் குடிமைப் பயிற்சி"ன்னு போட்டிருந்தது. வாசல்ல ஒரு அம்மா என்னைக் கேட்டாங்க: "ரேஷன் கார்டு மாத்துறாங்களாமே, அதுக்குத்தானே கூட்டம்?" தப்பு அவங்க மேல இல்ல. பேர் வெச்சவங்க மேலதான். ஊர்ல நடந்துக்கறதுக்கு நமக்கு ஒரு முறை தெரியும். புது ஆள் வாசல்ல வந்து நின்னா "யாரு, எந்த ஊரு, யார் வீட்டுப் புள்ள"ன்னு கேட்கிறோம். அடுத்த வீட்டுச் சேதியைத் தெருவில் போட்டு உடைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கோம். செல்போனுக்குள்ளயும் ஒரு ஊர் இருக்கு. அந்த ஊர்ல ஏமாறாம இருக்கிறது, நம்மால அடுத்தவங்க ஏமாறாம, அவமானப்படாம பார்த்துக்கிறது. இவ்வளவுதான் அந்தப் பெரிய பேருக்கு அர்த்தம்.

இதை ஏன் நாடகமாப் போடணும், பாடமா நடத்தினால் ஆகாதான்னு கேட்பீங்க. ஆகாதுன்னு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன்.

நான் பேசின தப்பு வார்த்தை

சில வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்துக் குழு ஒன்றில் ஒரு சகோதரி. ஊர் பேரும் வேண்டாம், அவங்க என்ன வியாபாரம் பண்ணினாங்கன்னும் வேண்டாம். குழுவோட தவணைப் பணம் அவங்க கணக்கில் இருந்தது. மறுநாள் வங்கியில் கட்டணும். அன்னைக்கு மத்தியானம் ஒரு போன் வந்தது. பேசி முடிக்கும்போது 18,400 ரூபாய் போயிடுச்சு.

அவங்க யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்கு சொல்லல, மறுநாளும் சொல்லல. வங்கிக்குப் போகாம, உடம்பு சரியில்லன்னு படுத்துக்கிட்டாங்க. மூணாம் நாள் குழுவுல பேச்சு கிளம்பிடுச்சு, "காசை எடுத்து செலவு பண்ணிட்டா போல"ன்னு. நான் விசாரிக்கப் போனேன். அழுதுகிட்டே சொன்னாங்க. நான் என்ன கேட்டேன் தெரியுமா? "பயிற்சியில அத்தனை தடவை சொன்னேனே, பின் நம்பர் போடாதீங்கன்னு. புத்தி எங்க போச்சு?"

அதுக்கு அவங்க சொன்ன பதில் இன்னும் என் மனசுல இருக்கு: "நீங்க இப்படிக் கேப்பீங்கன்னுதாங்க்கா மூணு நாளா சொல்லல."

பணம் போன முதல் மணி நேரத்தில் சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். அந்த நேரத்தைத் தின்னது திருடன் மட்டும் இல்ல. என்னை மாதிரி திட்டுறவங்க மேல இருந்த பயமும்தான். "வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா போனைப் பிடுங்கி வெச்சிக்குவார்"ங்கிற பயமும் கூட. உண்மையில் அதுதான் நடக்குது. ஏமாத்தினவன் போன் அவன் கையில இருக்கு, ஏமாந்தவ போன் பீரோவுல பூட்டிக் கிடக்கு.

நான் ஒவ்வொரு பயிற்சியிலும் பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். எல்லாரும் தலையாட்டினாங்க. ஆனால் போன் வர்ற நேரத்தில் பலகை கண் முன்னாடி வராது. அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் கொடுத்து வாய் பழகியிருக்கணும்.

நமக்குப் புதுசு இல்ல

காரைக்கால்ல பிறந்தவளுக்குக் கதையோட பலத்தைச் சொல்லித்தர வேண்டியதில்ல. புனிதவதி அம்மா கதையை நம்மில் எத்தனை பேர் புத்தகத்தில் படிச்சோம்? ஆனால் புருஷன் அனுப்பின ரெண்டு மாம்பழம், பசியோட வந்த சிவனடியாருக்கு ஒன்று கொடுத்தது, ரெண்டாவது பழம் கேட்டப்போ நடந்தது, இதெல்லாம் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஏன்? ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவில் அந்தக் கதையைத் தெருவில் நடத்திக் காட்டறோம். கல்யாணம் நடக்குது, பிட்சாடனர் வீதி உலா வர்றார், மாம்பழத்தை வாரி வீசுறோம். பார்த்தது மறக்காது. பழம் பிடிக்கக் கை நீட்டினவளுக்கு நிச்சயமா மறக்காது.

இன்னொன்று, வயசானவங்களுக்கு நினைவிருக்கும். 1990 வாக்கில் புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் நடந்தது. பக்கத்தில் புதுக்கோட்டையில் 1991இல் ஆரம்பிச்சாங்க. அங்கே ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க. பெண்கள் எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. அந்த இயக்கம் ஊருக்குள்ள வந்தது நோட்டீஸ் ஒட்டி இல்ல, கலைக்குழுவோட வந்தது. மைக் இல்லாம தெருமுனையில் வட்டமா நின்னு பாடுவாங்க, நடிப்பாங்க. நான் அப்போ பாவாடை சட்டை. வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்குற வட்டிக்காரரா ஒருத்தர் நடிச்சார். பார்த்துக்கிட்டிருந்த என் பெரியம்மா எழுந்து, "ஏய், வெக்காத கைய!"ன்னு கத்திடுச்சு. அடுத்த வாரம் அதுவே சிலேட்டோட வகுப்பில் உட்கார்ந்தது.

அந்தக் கைநாட்டு இப்போ திரும்பி வந்திருக்கு, அதையும் இங்கேயே சொல்லிடறேன். ஆதார் எண்ணைச் சொல்லி, சின்ன மெஷினில் கட்டைவிரல் வெச்சுப் பணம் எடுக்கிறோம். "ரேகை சரியா விழல, மறுபடி வையுங்க"ன்னு சொன்னால், முதல் தடவை என்ன ஆச்சுன்னு கேளுங்க. மெஷின் திரையைக் காட்டச் சொல்லுங்க, ரசீது கேளுங்க. ரெண்டு தடவை பணம் எடுத்துட்டு ஒரு தடவைப் பணத்தைக் கையில கொடுக்கிறவங்க இருக்காங்க. கைரேகையை நாமே பூட்டி வைக்கிற வசதி ஆதாரில் இருக்கு, தேவைப்படும்போது திறந்துக்கலாம். படிச்ச மகளையோ மருமகளையோ விட்டுச் செய்யச் சொல்லுங்க.

கருவாட்டு நாடகம்

இனி நாங்க போட்ட முதல் நாடகத்தைச் சொல்றேன். மேடை கிடையாது, ஒப்பனை கிடையாது. பாயில் உட்கார்ந்த வட்டம். நடுவில் ரெண்டு பேர் முதுகோடு முதுகு சேர்த்து உட்காருவாங்க. போன்ல முகம் தெரியாது இல்லையா, அதனால்தான் முதுகு. ஒருத்தி கருவாட்டுக்கார அக்கா. இன்னொருத்தி போன்காரர்.

போன்காரர்: வணக்கம் மேடம். மிலிட்டரி கேம்ப்லேர்ந்து பேசுறேன். உங்க கருவாடு நல்லாருக்கும்னு சொன்னாங்க. பத்து கிலோ வேணும்.

அக்கா: எது சார் வேணும்? நெத்திலியா, வாளையா?

போன்காரர்: எதுவானாலும் போடுங்க மேடம். விலை பிரச்சினை இல்ல.

அக்கா: வந்து எடுத்துக்கிறீங்களா?

போன்காரர்: வண்டி வரும். அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் ஐயாயிரம் போட்டுடறேன். உங்க போனுக்கு ஒரு கட்டம் போட்ட படம் வரும். அதை ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்க கணக்குக்கு வந்துடும்.

அக்கா: பின் நம்பர் கேக்குதே சார்?

போன்காரர்: பணம் வர்றதுக்குத்தான் கேக்குது. சீக்கிரம் மேடம், எங்க ஆபீசர் நிக்கிறார். லைனை மட்டும் கட் பண்ணிடாதீங்க.

"விலை பிரச்சினை இல்ல"ன்னதுமே ஒரு பாட்டி குரல் கொடுத்தாங்க: "கருவாட்டுக்குப் பேரம் பேசாதவன் கருவாடு வாங்க வந்தவனே இல்லடி!" எந்த அதிகாரியும் எழுதித் தராத அடையாளம் இது. தொழில் தெரிஞ்சவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பின் நம்பர் கேட்கிற இடத்தில் நான் கையைத் தட்டி நிறுத்தினேன். "இப்ப அக்கா இடத்துக்கு யார் வர்றீங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?" பார்க்கிறவங்களே எழுந்து வந்து நடிக்கிற இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்ல. பிரேசில் நாட்டில் அகஸ்டோ போவால் என்கிற நாடகக்காரர் ஆரம்பிச்சது. மேற்கு வங்கத்தில் 1985இல் ஆரம்பிச்ச ஜன சன்ஸ்கிருதி என்கிற குழு கிராமத்துக் கூலி ஜனங்களோடு இப்படி நாடகம் போட்டுக்கிட்டு வருது.

முதல்ல வந்த சகோதரி, "வைடா போனை"ன்னு கத்தினாங்க. சபை கைதட்டியது. ஆனால் போன்காரரா நடிச்சவங்க விடல. "மேடம், ஆர்டர் எடுத்துட்டு மிலிட்டரியை அவமானப்படுத்துறீங்க, கேஸ் போடுவோம்"னாங்க. கத்தினவங்க குரல் இறங்கிடுச்சு. நடிப்புதான்னு தெரிஞ்சும் இறங்கிடுச்சு! ரெண்டாவது ஒருத்தங்க, "நேர்ல வந்து காசு குடுத்து வாங்கிக்கிங்க"ன்னாங்க. அது பரவாயில்ல. மூணாவதா வந்த பொண்ணு ரொம்ப அமைதியானது. அது சொன்னது: "இருங்க சார். இது குழு வியாபாரம். எங்க அக்காங்ககிட்டக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்."

போன்காரருக்குப் பதில் வரல. யோசிச்சுப் பார்த்தாங்க, வரல. அவங்களே சிரிச்சுட்டு எழுந்துட்டாங்க.

அப்போதான் எங்களுக்கு விளங்கியது. "கட் பண்ணாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க, இப்பவே, உடனே"ன்னு அவன் அவசரப்படுத்துறது எதுக்கு? நம்மைத் தனியா வெச்சிருக்கத்தான். வீடியோவில் போலீஸ் உடுப்பில் வந்து "உங்களை டிஜிட்டல் கைது பண்ணியிருக்கோம், கதவைச் சாத்திக்கிட்டு உட்காருங்க"ன்னு சொல்றவனும் இதையேதான் செய்யறான். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாதுன்னு 2024 அக்டோபர் 27இல் பிரதமரே வானொலியில் சொன்னார். படிச்சவங்க, பெரிய வேலையில் இருந்தவங்க கூட அதில் விழுந்திருக்காங்க. ஏன்னா, கதவைச் சாத்தின பிறகு கேட்க ஆள் இல்ல. நமக்கு ஆள் இருக்கு. பன்னிரண்டு பேரோ, பதினைந்து பேரோ, வாராவாரம் உட்கார்ந்து பேசுறவங்க.

யு.பி.ஐ. பற்றி ஒரே விஷயம் மனசில் வையுங்க. பணம் வர்றதுக்குப் பின் நம்பர் வேண்டாம். பின் நம்பர் கேட்டால், பணம் உங்க கணக்கை விட்டுப் போகப் போகுதுன்னு அர்த்தம். பணம் கேட்டுத் தனியாள் இன்னொரு தனியாளுக்குக் கோரிக்கை அனுப்புற வசதியை 2025 அக்டோபரில் எடுத்துட்டாங்க. ஆனால் இந்தக் கட்டம் போட்ட படம் இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

இரண்டாம் பாதி: பணம் போன பிறகு

நிறைய விழிப்புணர்வு நாடகம் "ஏமாறாதீர்கள்"னு சொல்லி முடிஞ்சிடும். எனக்கு அதில் சம்மதம் இல்ல. ஏமாந்தவளை வெளியே தள்ளிட்டுக் கதவைச் சாத்துற மாதிரி இருக்கு. அதனால் எங்க நாடகத்தில் அக்கா ஏமாந்துடுவாங்க. அதுக்கப்புறம்தான் முக்கியமான காட்சி.

அக்கா ஓடி வர்றாங்க. "காசு போச்சுடி!" குழு என்ன செய்யணும்? இதைப் பத்துத் தடவை பழகினோம். முதல் தடவை எல்லாருமே என்னை மாதிரியே பேசினாங்க: "ஏன் போட்ட? யாரைக் கேட்டுப் போட்ட?" ஆளாளுக்குக் கேள்வி. கடிகாரம் பார்த்தால் ஆறு நிமிஷம் போயிருந்தது. அந்த ஆறு நிமிஷத்தில் பணம் எத்தனை கணக்கு தாண்டியிருக்கும்! இப்போ ஒரு விதி வெச்சிருக்கோம். முதல் வாக்கியம் "சரி, போன் எடு, 1930 போடலாம்" என்பதுதான். ஏன், எப்படி எல்லாம் சாயங்காலம் கேட்டுக்கலாம்.

1930 என்பது பண மோசடிக்கு நாடு முழுவதும் உள்ள எண். அங்கே சொன்னால், பணம் போன வங்கிக்குத் தகவல் போய், எடுக்கப்படாமல் மிச்சம் இருக்கிற தொகையை நிறுத்தி வைக்கப் பார்க்கிறாங்க. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் தங்கம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்திலும் புகார் பதியணும். நம்ம வங்கிக் கிளைக்கும் சொல்லிக் கணக்கை முடக்கணும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதியில் ஒன்று நமக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கணும்: நாமே ஓ.டி.பி. சொல்லி ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தகவல் கொடுத்த பிறகு அனுமதியில்லாமல் போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தகவல் கொடுத்த நேரத்தையும் புகார் எண்ணையும் குழுவின் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வையுங்க. காகிதத்தில் எழுதினா தொலைஞ்சிடும்.

1930இல் பேசுற அதிகாரியா ஒரு சகோதரியை நடிக்க வெச்சோம். "எந்த வங்கி? எத்தனை மணிக்கு? எவ்வளவு? மெசேஜில் வந்த பரிவர்த்தனை எண் என்ன?" சரளமாக் கேட்டாங்க. பதில்தான் வரல. சிலருக்குப் போனோடு இணைச்சிருக்கிற கணக்கு எந்த வங்கின்னே தெரியல. ஒருத்தங்க போனில் மெசேஜ் எல்லாத்தையும் பேரன் அழிச்சிருந்தான். நாடகம் போட்டதால் அன்னைக்கே இது தெரிஞ்சது. பணம் போன அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா?

முன்னாடி சொன்னேனே, 18,400 ரூபாய் போன சகோதரி. அந்தக் குழுவில் நாடகம் போடப் போனப்போ அவங்க வருவாங்களோ மாட்டாங்களோன்னு இருந்தேன். வந்தாங்க. ஓரமா உட்கார்ந்திருந்தாங்க. போன்காரர் வேஷத்துக்கு ஆள் கேட்டேன். யாரும் எழுந்திரிக்கல. அவங்க எழுந்தாங்க. "நான் செய்றேங்க்கா. அவன் பேசினது ஒரு வார்த்தை விடாம எனக்கு மனப்பாடம்." அன்னைக்கு அவங்க நடிச்சதை விட நல்லா யாரும் நடிச்சு நான் பார்த்ததில்ல. குரலில் அப்படி ஒரு மரியாதை, அப்படி ஒரு குழைவு. கேட்டுக்கிட்டிருந்தவங்களுக்கு, இவ ஏன் விழுந்தாங்கிறது முதல் தடவையாப் புரிஞ்சது. முடிஞ்சதும் சந்தேகப்பட்டுப் பேசின ஒரு அம்மா எழுந்து போய் அவங்க பக்கத்தில் உட்கார்ந்தாங்க. மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கல. தண்ணி சொம்பை நகர்த்தி வெச்சாங்க, அவ்வளவுதான். பணம் திரும்பி வரல. நாலு மாசத்தில் எல்லாரும் சேர்ந்து அடைச்சோம்.

பொய்ச் சேதி நாடகம்

நம்ம கரைக்கு இது உயிர் விஷயம். 2004 டிசம்பர் 26 யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. அன்னைக்குப் புதுச்சேரி பக்கம் நல்லவாடு கிராமத்தில் நடந்ததை மட்டும் சொல்றேன். சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் டி.வி.யில் செய்தி பார்த்துட்டு வீட்டுக்குப் போன் பண்ணினார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் 1998லேர்ந்து தகவல் மையங்கள் நடத்திக்கிட்டு வந்தது. அந்த ஊர் மையத்து ஒலிபெருக்கியில் அறிவிச்சாங்க. ஜனங்க கரையை விட்டு ஓடிப் பிழைச்சாங்க.

நாலு நாள் கழிச்சு டிசம்பர் 30. "மறுபடி சுனாமி வருது"ன்னு ஒரு எச்சரிக்கை. கரை முழுக்க ஜனம் ஓடியது. கடல் வரல. எச்சரிக்கை தப்புன்னு அப்புறம் சொன்னாங்க. ஒரே வாரத்தில் ரெண்டு சேதி. ஒன்று காப்பாத்தியது, ஒன்று அலைக்கழிச்சது. ஓடினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அப்போ விசாரிக்க நமக்கு இடம் இல்ல. இப்போ இருக்கு. 2007லேர்ந்து ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தோட சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்யுது. புயலுக்கு வானிலை ஆய்வு மையம். வாட்ஸப்பில் "அவசரம், பத்துப் பேருக்கு அனுப்பு"ன்னு வர்ற குரல் பதிவுக்குப் பேர் இருக்காது, தேதி இருக்காது. நல்லவாட்டுக்குப் போன் பண்ணினவருக்குப் பேர் இருந்தது, ஊர் இருந்தது, திருப்பிக் கேட்க ஒரு வீடு இருந்தது.

பொய்ச் சேதி ஓட வைக்கிறதோட நிக்காது. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலேர்ந்து குடும்பத்தோடு வந்த 65 வயசு அம்மாவை, பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தாங்கன்னு அடிச்சே கொன்னுட்டாங்க. பிள்ளை பிடிக்கிறவங்க சுத்துறாங்கன்னு வாட்ஸப்பில் வந்த சேதிதான் காரணம். அடிச்சவங்களும் நம்மை மாதிரி பிள்ளை பெத்தவங்கதான், பிள்ளையைக் காப்பாத்தறோம்னு நினைச்சவங்கதான். அந்தச் சேதியை "எதுக்கும் இருக்கட்டும்"னு அனுப்பிவிட்டவங்க எத்தனை பேரோ. அவங்க கையில கம்பு இல்ல. அதனால் அவங்களுக்குத் தப்பு பண்ணின மாதிரியே தெரிஞ்சிருக்காது.

அதே 2018இல் தெலங்கானாவில் கத்வால், வனபர்த்தி பக்கம் ரெமா ராஜேஸ்வரின்னு ஒரு பெண் போலீஸ் அதிகாரி. அங்கேயும் இதே வதந்தி. வெயில் காலத்தில் வழக்கமா வெளியே கட்டில் போட்டுப் படுக்கிற ஜனங்க கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளே கிடக்கிறதை அவங்க போலீஸார் கவனிச்சாங்க. அறிக்கை விட்டால் ஆகாதுன்னு அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சது. தப்பு அடிச்சுப் பாடுற நாட்டுப்புறக் கலைஞர்களைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. 400க்கும் மேலான கிராமங்கள். பொய்ச் சேதி எப்படி வருது, வந்தா என்ன செய்யணும்னு பாட்டாவும் கூத்தாவும் சொன்னாங்க. ஊருக்கு ஒரு போலீஸ்காரர் அந்த ஊர் வாட்ஸப் குழுவிலும் சேர்ந்தார். அவங்க பொறுப்பில் இருந்த பகுதியில் இந்த வதந்தியால் ஒரு உயிரும் போகல. தப்பு நமக்கும் தெரிஞ்ச வாத்தியம்தானே, நம்ம பறை மாதிரி.

நாங்க போட்டது சின்ன விளையாட்டு. வட்டத்தில் முதல் ஆள் காதில் ஒரு சேதி: "வாஞ்சூர் பக்கம் புதுசா ரெண்டு பேர் பாய் விக்கிறாங்க." பதினைந்தாவது காதுக்குப் போகும்போது அவங்க கையில கத்தியும் மயக்க மருந்தும் வந்திருந்தது. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அந்தப் பாய் விக்கிறவங்களா ரெண்டு பேரை நடுவில் நிக்க வெச்சோம். சிரிப்பு நின்னுடுச்சு.

நாடகம் போடும்போது

பேர் வைக்காதீங்க. கதையில் வர்றவங்க எப்பவும் "ஒரு அக்கா". நம்ம ஊர்ல நடந்ததா இருந்தால் தொழிலை மாத்துங்க, தொகையை மாத்துங்க. கதை யாரைப் பத்தினதுன்னு சபை கண்டுபிடிச்சிட்டா, அடுத்து ஏமாறுறவ வாயைத் திறக்க மாட்டா.

திருடனை முட்டாளாக் காட்டாதீங்க. முட்டாள் திருடன்கிட்ட ஏமாந்தவ அவனை விட முட்டாள்னு ஆகிடும். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஒன்று 2022இல் "ராஜுவும் நாற்பது திருடர்களும்" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் போட்டது. நாற்பது விதமான மோசடி அதில் இருக்கு. அதிலேர்ந்து ஒவ்வொரு மாசமும் ஒன்றை எடுத்து நம்ம பேச்சில் மாத்திப் போடலாம்.

ஒரு நாடகத்தில் நாமே திருடன் பக்கம் நிக்கணும். அது வாடகைக் கணக்கு நாடகம். "அக்கா, உங்க பாஸ்புக்கும் சிம்மும் குடுங்க, மாசம் ரெண்டாயிரம் தர்றேன், கணக்கை நாங்க வெச்சுக்கறோம்." உறவுக்காரப் பையனே வந்து கேட்பான். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாத்தான் ஓடும். போலீஸ் தேடி வர்றது நம்ம பேருக்கு. கணக்கு முடங்கினால் குழுக் கடனும் நிக்கும். இந்த நாடகத்துக்கு அரை மணி நேரம் கூடுதலா ஒதுக்குங்க, ஏன்னா வட்டத்திலேயே யாராவது ஏற்கனவே கொடுத்திருப்பாங்க. நடிச்சு முடிச்சு ஒரு நாள் கழிச்சு வந்து உங்ககிட்டத் தனியாச் சொல்லுவாங்க.

பெண் பிள்ளைகள் படம் சம்பந்தப்பட்டதை மட்டும் நான் நாடகமாப் போட விடறதில்ல. யாரோ ஒரு பிள்ளை படத்தை அசிங்கமா மாத்தி அனுப்பியிருக்கான்னா, அதை "பாருங்க, ஜாக்கிரதை"ன்னு நாம அனுப்பினாலும் அந்தப் பிள்ளைக்கு அதே கேடுதான். அனுப்பாதீங்க, ஆனால் புகாருக்கு ஆதாரம் வேணும்ங்கிறதால அழிக்கவும் வேண்டாம். அந்த அரசு இணையதளத்தில் பேர் சொல்லாமலே இதுக்குப் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பிள்ளை உங்ககிட்ட வந்து சொன்னா முதல் வாக்கியம் என்னன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். போனைப் பிடுங்காதீங்க.

அடுத்த கூட்டம் இங்கேதான். கருவாட்டு நாடகத்தைக் கருக்களாச்சேரி குழுக்களே போடணும், நான் ஓரமா உட்கார்ந்து பார்ப்பேன். பழைய போன் ரெண்டு, ஒரு கூடை, ஒரு போலீஸ் தொப்பி கொண்டு வாங்க. தொப்பி கிடைக்கலன்னா துண்டு போதும். விலை பேசாதவன் வாங்க வந்தவனே இல்லன்னு சொன்ன மாதிரி உங்க ஊர்லயும் ஒரு பாட்டி இருப்பாங்க. அவங்களை முன்வரிசையில உட்கார வையுங்க.